ராபர்ட் ஹெரிக்கின் ஊர்களில்

திங்கள், லண்டன்

செயின்ட் பால்ஸ் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால் சில நிமிட நடையில் ஃபாஸ்டர் லேன் என்ற குறுகலான தெரு. அங்கே செயின்ட் வெடாஸ்ட் என்ற சிறிய தேவாலயம். 1591 ஆகஸ்ட் 24 அன்று ராபர்ட் ஹெரிக்குக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது இங்கேதான். இன்று நிற்பது அவருடைய காலத்துக் கட்டடம் அல்ல. 1666 பெருந்தீக்குப் பிறகு மறுபடி கட்டி, இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் உள்ளே எரிந்து, மீண்டும் எழுப்பப்பட்டது. உள்ளே வெள்ளைச் சுவர்களும் நல்ல வெளிச்சமும். அலுவலக இடைவேளையில் வந்த இரண்டு பேர் கண்களை மூடி உட்கார்ந்திருந்தார்கள். நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தேன்.

ஹெரிக் பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர், ஆங்கிலிகன் திருச்சபையின் குருவானவர். பூக்கள், பெண்கள், மது, கிராமத் திருவிழாக்கள், மரணம், ஜெபம் என எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பாடல்களாக எழுதியவர். காவியம் எழுதவில்லை. ஒரே ஒரு பெரிய தொகுப்பு, அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கவிதைகள். தன்னுணர்ச்சிப் பாடலில் இவரைவிட நேர்த்தியான கை ஆங்கிலத்தில் மிகக் குறைவு என்பது என் எண்ணம். அவர் பிறந்த தெருவிலிருந்து மறைந்த கிராமம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று பல காலமாக ஆசை.

தேவாலயத்துக்கு எதிர்ப்புறம் பொற்கொல்லர் சங்கத்தின் பெரிய மாளிகை. பக்கத்தில் சீப்சைடு. ஹெரிக்கின் காலத்தில் அந்த வீதியின் ஒரு பகுதிக்கே பொற்கொல்லர் வரிசை என்று பெயர். தந்தை நிக்கோலஸ் ஹெரிக் அங்கே வசதியாகத் தொழில் செய்தவர். 1592 நவம்பரில் உயில் எழுதிய சில நாட்களுக்குள் தன் வீட்டின் மேல்மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். தற்கொலை என்ற சந்தேகம் எழுந்தது. அப்படித் தீர்ப்பானால் சொத்து முழுவதும் அரசுக்குப் போய்விடும் என்பது அன்றைய சட்டம். நல்லவேளையாகச் சொத்து குடும்பத்திடமே நின்றது. ராபர்ட்டுக்கு அப்போது ஒன்றேகால் வயது.

தந்தையைப் பற்றி அவர் எழுதிய ஒரு கவிதையை இன்று சீப்சைடில் நின்றபடி படித்தேன். முப்பத்தைந்து ஆண்டுகளாக உன் கல்லறைக்கு வந்து செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, முடி களையவில்லை, கண்ணீர் சிந்தவில்லை, என்னை மன்னித்துவிடு, உன் எலும்புகள் இங்கேதான் கிடக்கின்றன என்று எனக்குத் தெரியாது என்கிறார். வீட்டில் யாரும் அந்தச் சாவைப் பற்றி வாய்திறக்கவில்லை என்றுதான் இதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது. தகப்பனுக்குரிய கடனைச் செய்யத் தவறிய மகனின் தவிப்பை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1607-ல் சிறிய தகப்பனார் சர் வில்லியம் ஹெரிக்கிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அவர் அரசருக்கே நகை செய்து கொடுத்தவர். பட்டறையில் ஆறு ஆண்டுகள். நான்கு வரிப் பாட்டிலும் ஓரம் தேய்த்து மெருகேற்றும் பழக்கம் அங்கிருந்து வந்ததாகவே நான் நம்புகிறேன். ஜூலியாவின் பட்டாடையைப் பற்றிய ஆறு வரிக் கவிதை ஒன்று இருக்கிறது. அவள் நடக்கும்போது துணி நீர்போல வழிந்தோடுகிறது என்கிறார். அந்த ஆறு வரியில் ஒரு சொல்லை நகர்த்திப் பாருங்கள், முடியாது.

மாலையில் பிரட் ஸ்ட்ரீட் பக்கம் நடந்தேன். ஜான் டன் பிறந்ததும் ஜான் மில்டன் பிறந்ததும் இந்தத் தெருவில். கூப்பிடு தூரத்தில் மூன்று கவிஞர்கள்! ஹெரிக்கின் இலக்கியக் குரு பென் ஜான்சன். அவரைச் சுற்றி மதுக்கடைகளில் கூடிய இளைஞர்களில் இவரும் ஒருவர். பிற்காலத்தில் ஜான்சனைப் புனிதராகவே பாவித்து, பாட்டு எழுதும்போது துணை நிற்கும்படி வேண்டி ஒரு பிரார்த்தனைக் கவிதை எழுதினார்.

செவ்வாய், கேம்பிரிட்ஜ்

கிங்ஸ் கிராஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டேன். செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் வாசல் கோபுரம் ஹெரிக் பார்த்த அதே கோபுரம். 1613-ல் இங்கே சேர்ந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. உடன் படித்தவர்களில் பலர் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள்.

இங்கிருந்து சர் வில்லியமுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்னும் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே பணம் கேட்டு எழுதியவை. கேட்டது தர்மம் அல்ல, சிறிய தகப்பனாரின் கையில் இருந்த தன் பங்குப் பணம்தான். இருந்தும் எவ்வளவு பணிவு, எத்தனை சுற்றி வளைப்பு! செலவைக் குறைக்கவும் சட்டம் படிக்கவும் டிரினிட்டி ஹால் என்ற சிறிய கல்லூரிக்கு மாறினார். 1617-ல் பி.ஏ., 1620-ல் எம்.ஏ. டிரினிட்டி ஹால் ஆற்றங்கரையில் அழகாக இருக்கிறது, ஆனால் ஹெரிக்கை அங்கே உணர முடியவில்லை. மதியத்துக்குள் லண்டன் திரும்பிவிட்டேன்.

புதன், டாட்னஸ்

பேடிங்டனிலிருந்து மேற்கே போகும் ரயில். எக்ஸெடர் தாண்டியதும் இடது பக்க ஜன்னலில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் அகன்ற கழிமுகம், பிறகு டாலிஷ் என்ற ஊரில் கடலை ஒட்டிய கற்சுவரின் மேல் ரயில் ஓடும். இந்த மண் சிவப்பு. கடலோரப் பாறைகளும் அப்படியே. ஏப்ரல் மாதத்துப் புல்லின் பச்சைக்கு நடுவே உழுத வயல்கள் செக்கச்செவேலென்று கிடந்தன.

ஹெரிக் 1623-ல் குருப்பட்டம் பெற்றார். 1627-ல் பக்கிங்ஹாம் பிரபுவின் படையோடு பிரான்ஸின் ரே தீவுக்குப் போதகராகப் போனார். அந்தப் படையெடுப்பு படுதோல்வியில் முடிந்தது. 1629-ல் முதலாம் சார்ல்ஸ் அரசர் அவருக்கு டெவன் மாவட்டத்தின் டீன் பிரையர் என்ற கிராமத்துச் சேகரத்தை, அதாவது அந்த ஊர்ச் சபையின் பொறுப்பைக் கொடுத்தார். முன்பு அங்கே இருந்தவர் பிஷப்பாக உயர்ந்ததால் காலியான இடம். லண்டன் மதுக்கடைகளில் பென் ஜான்சனோடு பாடிக் களித்தவர், முப்பத்தெட்டு வயதுக்கு மேல், மனைவியோ பிள்ளைகளோ இல்லாமல், டார்ட்மூர் என்ற காட்டுமேட்டின் ஓரத்துக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தார்.

ரயிலில் அவருடைய மிகப் புகழ்பெற்ற பாடலைப் படித்துக்கொண்டு வந்தேன். ரோஜா மொட்டுகளை இப்போதே பறித்துக்கொள்ளுங்கள், இன்று சிரிக்கும் பூ நாளை சாகும் என்று இளம்பெண்களிடம் சொல்லும் பாட்டு. வில்லியம் லாஸ் இசையமைத்து அந்தக் காலத்திலேயே எங்கும் பாடப்பட்டது. லாஸ் 1645-ல், அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், அரசர் படையில் சண்டையிட்டு இறந்துபோனார்.

நாலடியாரில் இளமை நிலையாமை என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. இளமை கழிந்துவிடும், ஆகவே துறந்துவிடு என்பது சமண முனிவர்கள் கண்ட முடிவு. அதே உண்மையிலிருந்து புறப்பட்ட இந்தக் குருவானவர், ஆகவே காலத்தோடு திருமணம் செய்துகொள் என்கிறார். கடைசிப் பத்தியில் வெளிப்படையாகவே வருகிறது: நாணிக்கொண்டிராதீர்கள், உங்கள் வயதைப் பயன்படுத்தி மணம் முடியுங்கள். இந்தப் பாட்டைக் கட்டற்ற இன்பத்துக்கான அழைப்பாக மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்தக் கடைசிப் பத்தி வரை படிப்பதில்லை. எழுதியவர் ஊராருக்குத் திருமணம் நடத்தி வைத்தவர் என்பதை மறக்கக் கூடாது.

ஜூலியா, ஆன்தியா, எலக்ட்ரா, பெரில்லா என்று கவிதைகளில் நிறைய காதலிகள் வருகிறார்கள். பெரும்பாலும் கற்பனைப் பெண்கள். தொகுப்பின் கடைசி வரியில் அவரே எழுதி வைத்திருக்கிறார்: என் பாட்டு குதூகலமானது, என் வாழ்க்கை தூய்மையானது. நான் அதை நம்புகிறேன்.

வியாழன், டீன் பிரையர்

காலையில் பஸ் பிடித்து பக்ஃபாஸ்ட்லீ என்ற சிற்றூரில் இறங்கி, அங்கிருந்து நடந்தேன். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண்மேடும் அதன்மேல் வேலியும் உள்ள பழைய பாதைகள். மேட்டுச் சரிவெல்லாம் பிரிம்ரோஸ் பூத்திருந்தது. அதிகாலைப் பனி நிறைந்த பிரிம்ரோஸைக் கண்டு, பேசத் தெரியாத குழந்தைகளே, ஏன் அழுகிறீர்கள் என்று ஹெரிக் கேட்ட கவிதை இந்த மேடுகளைப் பார்த்த பிறகு வேறு விதமாகப் புரிகிறது. புத்தகத்தில் படிக்கும்போது அது அலங்காரமாகத் தெரிந்தது. இங்கே ஒவ்வொரு பூவிலும் உண்மையாகவே நீர் நிற்கிறது.

முதலில் டீன் பர்ன் என்ற ஓடையைப் பார்த்தேன். ஹெரிக் கடுமையாகத் திட்டிய ஓடை. காட்டுமேட்டிலிருந்து மரங்களுக்கு நடுவே இறங்கி வருகிறது. படுகை முழுவதும் பாறை. தண்ணீர் கிழிபட்டு, சுழன்று, வெறிகொண்டு ஓடுகிறது. இதே வார்த்தைகளில்தான் அவரும் சொல்லியிருக்கிறார்: உன் பாறைப் படுகை உன் நீரைக் கிழித்து வெறியேற்றுகிறது. அதோடு நிறுத்தவில்லை. இந்த ஊர் மனிதர்கள் கடலைப்போல முரடர்கள், ஏறக்குறைய காட்டுமிராண்டிகள், பாறைகள் ஆறாகி ஆறுகள் மனிதர்களாகும் காலத்தில்தான் இங்கே திரும்பி வருவேன் என்று சபதம் செய்கிறார். வெறுத்துப் போனவருக்கு அந்த ஓடையை எவ்வளவு நுட்பமாகத் தெரிந்திருக்கிறது பாருங்கள். கரையில் பல நாட்கள் நின்று பார்க்காமல் அப்படி எழுத முடியாது.

டெவனில் என் மனக்குறைகள் என்று இன்னொரு சிறிய கவிதை. எட்டே வரிகள். இந்த மந்தமான டெவனில் பட்ட சலிப்பை வேறெங்கும் பட்டதில்லை என்று நான்கு வரி. அடுத்த நான்கு வரியில், நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும், நான் இவ்வளவு வெறுத்த இந்த இடத்தில் எழுதிய அளவுக்கு உயர்ந்த கவிதைகளை வேறெங்கும் எழுதியதில்லை என்கிறார். ஹெரிக்கைப் பற்றி எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன். எனக்கு இந்த எட்டு வரி போதும். லண்டனிலேயே இருந்திருந்தால் பென் ஜான்சனின் சீடர்களில் ஒருவராகக் கரைந்து போயிருப்பார். ஊர் பிடிக்காமல் போனதால் அதை உற்றுப் பார்த்தார். உற்றுப் பார்த்ததால் அறுவடை வண்டியும், மே மாதத்து மரக்கிளைகளும், கிறிஸ்துமஸ் முடிந்ததும் வீட்டிலிருந்து கழற்றும் ரோஸ்மேரித் தழையும் அவருடைய பாட்டில் வந்து சேர்ந்தன.

அறுவடைப் பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடைசிக் கதிர்க்கட்டு ஏற்றிய வண்டியை அலங்கரித்து ஆடிப் பாடி வருகிறார்கள். பண்ணையாரின் வீட்டில் மாட்டிறைச்சியும் பீரும் விருந்தாகக் கிடைக்கின்றன. எல்லாம் முடியும்போது கவிஞர் உழைப்பாளிகளிடம் சொல்கிறார்: இந்த இன்பம் மழைபோன்றது, உங்கள் வேதனையை மூழ்கடிக்க அல்ல, அது மறுபடியும் முளைப்பதற்காகவே அனுப்பப்பட்டது. விருந்தின் நடுவில், ஒரு பிரபுவுக்குக் காணிக்கையாக்கிய கவிதையில், இப்படி ஒரு வரி! ஹெரிக்கை வெறும் பூக்களின் கவிஞர் என்று ஒதுக்குகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

தேவாலயம் புனித ஜார்ஜ் பெயரில் இருக்கிறது. எக்ஸெடரையும் பிளிமத்தையும் இணைக்கும் பெருஞ்சாலை அதை ஒட்டியே போகிறது. லாரிகளின் இரைச்சல் கல்லறைத் தோட்டத்தை நிறைக்கிறது. அந்தச் சாலை இவ்வளவு அருகில் போயிருக்க வேண்டியதில்லை என்று மனம் வருந்தியது. புல்லுக்கு நடுவே டாஃபடில் பூக்கள் முக்கால்வாசி வாடிவிட்டன. இவ்வளவு சீக்கிரம் போகிறீர்களே, மாலை ஜெபம் வரைக்குமாவது இருங்கள், சேர்ந்து ஜெபித்துவிட்டு நாங்களும் உங்களோடு வருகிறோம் என்று அந்தப் பூக்களிடம் அவர் கேட்கிறார். பூ உதிர்வதைப் பற்றி எழுதாத கவிஞர் இல்லை. பூவை மாலை ஆராதனைக்கு அழைக்க ஒரு குருவானவருக்குத்தான் தோன்றும்.

உள்ளே ஓர் அம்மாள் பீடத்தின் அருகே பூ அடுக்கிக்கொண்டிருந்தார். "ஹெரிக்குக்காக வந்தீர்களா?" என்று அவரே கேட்டார். இந்தியாவிலிருந்து என்றதும் முகம் மலர்ந்தது. 1857-ல் ஹெரிக் குடும்பத்தின் வழிவந்த ஒருவர் வைத்த நினைவுக் கல்லைக் காட்டினார். பிறகு சர் எட்வர்ட் கைல்ஸ் தம்பதியின் நினைவுச் சின்னத்தின் முன் என்னை நிறுத்தி, "இதை மெதுவாகப் படியுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பினார். கைல்ஸ் இந்த ஊர்ப் பெரிய மனிதர். கல்லில் உள்ள வரிகள் ஹெரிக் எழுதியவை என்று கருதப்படுகிறது. உலோகத்தையும் பளிங்கையும் நம்பாதே, அவையும் மனிதரைப்போலத் தேய்ந்து போகும் என்று தொடங்குகிறது. பிறகு ஒரு நீண்ட நாளின் சூரிய அஸ்தமனம். இந்த இருவரும் உறங்குகிறார்கள், நானும் உடை களைந்து படுக்கப் போகிறேன், எங்கள் எல்லோருக்கும் நல்ல உறக்கம் வாய்க்க வாழ்த்துங்கள் என்று முடிகிறது. நான் இரண்டு முறை படித்தேன்.

ஹெரிக்கின் வீட்டுக் காரியங்களைக் கவனித்தவர் புருடென்ஸ் பால்ட்வின் என்ற பணிப்பெண். புரூ என்று செல்லமாக அழைத்தார். அவர் நோயுற்றபோது ஒரு கவிதை. மற்றவர்கள் கைவிட்டுப் போன காலத்திலும் என்னோடு இருந்தவள் என்று இன்னொன்று. அவருக்காக எழுதிய கல்லறை வரிகளில், இந்தச் சிறிய கலயத்தில் புருடென்ஸ் கிடக்கிறாள், இங்கிருந்து ஊதா வயலட் முளைக்கட்டும் என்கிறார். ஆனால் அந்தக் கவிதை அச்சானபோது புரூ உயிரோடுதான் இருந்தார். எஜமானர் இறந்த பிறகும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். நாயும் கோழியும் வாத்தும் பூனையும் அந்த வீட்டில் இருந்தன, அவற்றுக்கும் கவிதையில் இடம் உண்டு. கடவுளுக்கு நன்றி சொல்லும் பாட்டில் தினம் முட்டையிடும் கோழி வருகிறது, பீட்ரூட் வருகிறது, ஏழைகள் வந்து வந்து தேய்ந்த வாசற்படி வருகிறது. காட்டுமிராண்டிகள் என்று திட்டிய அதே ஊராரின் கால்தான் அந்தப் படியைத் தேய்த்திருக்கும்.

1647-ல் அரசர் பக்கம் நின்றதற்காகப் பாராளுமன்றத்தார் அவரைச் சேகரத்திலிருந்து வெளியேற்றினார்கள். டீன் பர்னைத் திட்டிய கவிதைக்கும் வேலை வந்தது. லண்டனுக்குத் திரும்பி, இதுதான் என் வீடு என்று கொண்டாடிப் பாடினார். அரசாட்சி மீண்டபின் மனுப் போட்டது எந்த இடம் கேட்டு? இதே டீன் பிரையரைக் கேட்டு! 1662-ல் எழுபத்தோரு வயதில் திரும்பினார். பாறைகள் இன்னும் ஆறாகவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் நடத்தி வைத்து, 1674 அக்டோபர் 15 அன்று இந்தத் தோட்டத்தில் எங்கோ அடக்கம் செய்யப்பட்டார்.

வெள்ளி, எக்ஸெடர்

ஊர் திரும்பும் வழியில் எக்ஸெடரில் இறங்கினேன். காரணம், ஹெரிக்கின் புத்தகம். 'ஹெஸ்பெரிடீஸ்' 1648-ல் லண்டனில் வெளியானது. செயின்ட் பால்ஸ் வளாகத்துக் கடையில் விற்பனை என்று முதல் பக்கத்தில் இருக்கிறது. சில பிரதிகளில் மட்டும் எக்ஸெடர் புத்தக வியாபாரி தாமஸ் ஹன்ட்டின் பெயர். டெவனில் படிக்க ஆட்கள் இருப்பார்கள் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். இந்த நகரத்தின் பழைய மையம் 1942 குண்டுவீச்சில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. பேராலயத்தைச் சுற்றிய வீதிகளில் கொஞ்ச நேரம் நடந்தேன்.

புத்தகம் வந்த 1648 என்ற ஆண்டைக் கவனியுங்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னால், மே மாதத் திருவிழாவில் நட்டுச் சுற்றி ஆடும் கம்பங்களைப் பாராளுமன்றம் தடைசெய்துவிட்டது. 1647-ல் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் பண்டிகைகளையும் ஒழித்து ஆணை. 1649 ஜனவரியில் அரசரின் தலை வெட்டப்பட இருந்தது. அந்த நேரத்தில் ஒரு குருவானவர் மேக் கம்பங்களையும் அறுவடை வண்டிகளையும் பாடுவேன் என்று முதல் கவிதையிலேயே அறிவித்து, இளவரசருக்குக் காணிக்கையாக்கிப் புத்தகம் போடுகிறார். எழுந்திரு கொரின்னா, மே மாதம் கொண்டாடப் போகலாம் என்ற பாட்டை இந்தப் பின்னணியில் படித்துப் பாருங்கள். தடைசெய்யப்பட்ட திருவிழாவுக்கு ஊரைக் கூப்பிடும் குரல் அது.

புத்தகம் கவனிக்கப்படவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை இரண்டாம் பதிப்பு இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி வரை இலக்கிய உலகம் ஏறக்குறைய மறந்தேவிட்டது.

டீன் பிரையர் மறக்கவில்லை. 1809-ல் பாரன் ஃபீல்டு என்பவர் அந்தக் கிராமத்துக்குப் போய் ஹெரிக்கைப் பற்றி விசாரித்தார். டோரதி கிங் என்ற ஏழை மூதாட்டியிடம் அனுப்பி வைத்தார்கள். வயது தொண்ணூற்றொன்பது நடந்துகொண்டிருந்தது. அவர் ஹெரிக்கின் பக்திப் பாடல்களில் ஐந்தை மனப்பாடமாக, பிசகாமல் சொன்னார். தாயிடமிருந்து கற்றுக்கொண்டவை. அந்தத் தாய் ஹெரிக்குக்கு அடுத்து வந்த குருவானவரின் வீட்டில் வேலைக்கு இருந்தவர். டோரதி அவற்றைத் தன் ஜெபங்கள் என்றே சொன்னார். இரவில் தூக்கம் வராதபோது படுக்கையில் சொல்லிக்கொள்வாராம்.

ஹெரிக் தம் பிரசங்கத்தைக் கவனிக்காத சபையார் மீது ஒருநாள் பிரசங்கத் தாளையே வீசி எறிந்தார் என்ற கதையும், கோப்பையில் பீர் குடிக்கப் பழக்கிய பன்றி ஒன்றை வளர்த்தார் என்ற கதையும் அங்கேதான் ஃபீல்டுக்குக் கிடைத்தன. அந்தக் கதைகள் எல்லோருக்கும் தெரியும். டோரதி கிங்கைச் சிலரே நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அவர்தான் முக்கியம்.

டோரதி சொன்னவற்றில் ஒன்று பரிசுத்த ஆவியை நோக்கிய வேண்டுதல் மாலை. நோயில் தனியாகக் கிடக்கும்போது, வைத்தியர் தம் கூலியைத் தவிர வேறு எந்த நம்பிக்கையும் காணாதபோது, மெழுகுவர்த்தி நீலமாக எரியும்போது, இனிய ஆவியே, என்னைத் தேற்று என்று ஒவ்வொரு பத்தியும் முடிகிறது. ஹெரிக்கைப் புதிதாகப் படிக்க விரும்புகிறவர்கள் ரோஜா மொட்டுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இதைப் படியுங்கள். அடுத்து, கோழியும் வாசற்படியும் வரும் அந்த நன்றிப் பாட்டு. அதன்பின் கொரின்னா.